கை நீளம் என்று பெயர் வைத்த டாக்டரம்மா

கடலூரிலிருந்து ஜெயபால் போன் செய்தால், எடுத்தவுடன் "இன்னா கைநீளத்தாரே" என்றுதான் தொடங்குவார். பல வருடங்களாக அப்படித்தான். அன்று காலை எங்கள் மினிபஸ் சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்குப் புறப்படத் தயாராக நின்றபோது அவர் போன் வந்தது. எடுத்தேன். "கலியமூர்த்தி அண்ணே" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா போய்விட்டார் என்பது அவர் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

முதல்நாள் மதியம் வரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாரையும் ஒரு நாள்கூடப் படுக்கையருகே உட்கார வைக்காமல் போய்விட்டார். ஜெயபால் இதைச் சொல்லி முடித்த பிறகும் நான் படியில் நின்றுகொண்டே இருந்தேன். டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் விசில் கொடுத்தேன். தனக்காக ஒரு நடையை நிறுத்தினான் என்று கேள்விப்பட்டிருந்தால் அந்த அம்மாள் திட்டியிருப்பார்.

டாக்டர் அஞ்சலாட்சியை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு போட்ட ஒருவரின் மகள் என்பதும், மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஓர் எலும்பு ஆஸ்பத்திரி வைத்துக் காலமெல்லாம் கடலூர் மாவட்டத்தின் கை கால்களைச் சேர்த்துவைத்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அவர் எலும்பு ஒட்டவைத்திருப்பார். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். இரண்டும் கிடைத்தவன் நான். கூடவே ஒரு பெயரும் கிடைத்தது. அந்தப் பெயரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கண்டக்டர். எங்கள் வண்டியின் முதலாளி தனவேல் மாமா. என் மனைவி செல்விக்குச் சித்தப்பா. எனக்கு வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு வலி வந்தது. முதலில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது மட்டும் வந்தது. பிறகு பாட்டில் மூடியைத் திருகினால் வந்தது, ஈரத் துண்டைப் பிழிந்தால் வந்தது. எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தேன், களிம்பு தேய்த்துப் பார்த்தேன், வருடம்தான் ஓடியது. மினிபஸ்ஸில் கூட்ட நேரத்தில் கண்டக்டர் ஒரு கையால் கம்பியைப் பற்றி, உடம்பை நெட்டித் தள்ளிக்கொண்டுதான் பின்பக்கம் போக முடியும். என்னால் முடியவில்லை. முன்னாலேயே நின்று, "பின்னாடி டிக்கெட் வாங்காதவங்க யாருங்க" என்று கத்துவேன். நல்லவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காசு அனுப்புவார்கள். மற்றவர்கள் அவரவர் ஊரில் இறங்கிப் போய்விடுவார்கள்.

வசூல் குறைந்தது. மாமா வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஒரு நாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். குடை, சாப்பாட்டுப் பை, ஒரு தடவை ஒரு பெண்ணின் கொலுசு என்று வண்டியில் எதை மறந்துவிட்டுப் போனாலும் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறவன் நான். அதைத் தவிர எனக்கென்று வேறு பெருமை கிடையாது. அந்த ஒன்றும் போகப் பார்த்தது. செல்வியின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பேசிக்கொண்டிருந்த நாலு பேர் என்னைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கடலூர் போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்றேன். மாமா, "நானும் வரேன் மாப்ள" என்றார். மாப்பிள்ளை மேல் பாசம் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். வலி என்பது நிஜமா, சாக்கா என்று பார்க்க வந்தார்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல கூட்டம். மாவுக்கட்டுப் போடுகிற ஆள் ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, உரக்கக் கேட்டார்: "கை நீளம் யாருங்க? உள்ள வாங்க."

கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். திருடுகிறவனைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்வது. எலும்பை யார் நினைப்பார்கள்? மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்த வேகத்தில் அந்த ஆளை அடிக்கக் கையை ஓங்கினேன், ஓங்கிய கை மணிக்கட்டிலேயே சுள்ளென்று பிடித்துக்கொண்டது. அந்த ஆள்தான் ஜெயபால். அவருக்கும் எனக்கும் நட்பு தொடங்கியது இப்படித்தான்.

உள்ளே போய் டாக்டரிடம் கத்தினேன். எங்கள் மாமா உங்களிடம் முன்கூட்டியே என்ன சொல்லிவைத்தார், நான் எடுத்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். நடுவயதுப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நான் இன்னா சொல்லிட்டேன்னு இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றார். கை நீளம் என்று சொல்லி அனுப்பினீர்களே என்றேன். ஒரு நிமிடம் விழித்தார். பிறகு புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். பக்கத்து அறை நோயாளிகூட எட்டிப் பார்க்கிற சிரிப்பு. அந்தக் கை எலும்பு நீளமா இருக்கிறவரை வரச்சொல்லு என்று அவர் சொன்னதில், ஜெயபால் எலும்பைக் குறைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எனக்குச் செய்யப்பட்ட முதல் எலும்புக் குறைப்பு அதுதான்.

சிரித்து முடித்த பிறகு, என்ன நடந்தது என்று கேட்டார். கத்தியவனிடம் கேட்கிற மாதிரி இல்லாமல் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கடைசி சீட்டையும், கல்யாண வீட்டு மழைப் பேச்சையும் சேர்த்து. கேட்டுவிட்டு, மாமாவைக் கூப்பிடச் சொன்னார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி மாமாவுக்குக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்பு இருக்கிறது. கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இவருக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு கொஞ்சம் நீண்டுபோய், மணிக்கட்டில் இருக்கிற சின்ன எலும்புகளில் இடிக்கிறது. எதிரும் புதிருமாக உட்காருகிற சீட்டில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் முழங்காலில் இடிக்காதா, அதுபோல என்றார். பிறகு என் கையைப் பிடித்துச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து லேசாகத் திருகினார். நான் போட்ட சத்தத்தில் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"பெரியவரே, உங்க வண்டியில வசூல் கொறைஞ்சது இந்தக் கையாலதான். பின்னாடி போய் டிக்கெட் போட முடியல. இவருக்குக் கை நீளந்தான், நான் இல்லேன்னு சொல்லல. எவ்வளவு நீளம் தெரியுமா? மூணு மில்லிமீட்டர். அதுல இன்னாத்த எடுத்து ஒளிச்சு வைக்க முடியும்?"

மாமா எக்ஸ்ரேக்குக் கிட்டே போய் அந்த எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். கை சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா, "காபி சாப்புடுவமா மாப்ள" என்றார். மறுநாள் கடைசி சீட்டில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

உடனே கத்தியை எடுக்கிற டாக்டர் இல்லை அவர். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தார், ஓர் ஊசி போட்டார், சில மாதம் பார்த்தார். வலி போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் எலும்பைக் குறைத்துவிடலாம் என்று முடிவானபோது ஒரு நிபந்தனை போட்டார். பீடி. பீடி குடித்தால் அறுத்த எலும்பு ஒட்டாது, நிறுத்திவிட்டு வா என்றார். நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, கேஸ் சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த முறை செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கேட்கவே இல்லை, அவளைத்தான் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். அதற்கடுத்த முறைதான் அவள் சொன்ன உண்மை எனக்குச் சாதகமாக இருந்தது.

செல்விக்கு வேறு ஒரு கவலை. எலும்பைக் குறைத்தால் கை குட்டையாகிவிடாதா, சட்டை தைக்கும்போது ஒரு கை நீட்டமாகவும் ஒரு கை குட்டையாகவும் அளவு கொடுக்கவேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அறியாமல் கேட்கிற கேள்விக்கு அவர் ஒருபோதும் சிரித்ததில்லை என்பதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். இரண்டு எலும்பில் ஒன்றைத்தான் இன்னொன்றுக்குச் சமமாக்குகிறோம், கை அதே கைதான் என்று சொல்லி, ஒரு டேப்பை எடுத்து அவளிடமே கொடுத்து அளக்கச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு நீயே அளந்து பார், வித்தியாசம் இருந்தால் என்னிடம் சண்டைக்கு வா என்றார். செல்வி நிஜமாகவே பிறகு அளந்தாள்.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன். நான் விழித்திருந்தேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். ரம்பத்தின் சத்தம் ஆரம்பித்ததும் எனக்குத் தைரியமெல்லாம் கரைந்தது. வலி இல்லை, ஆனால் நம் எலும்பை நாமே கேட்டுக்கொண்டு படுத்திருப்பது லேசான காரியமில்லை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது: "கலியமூர்த்தி, சிதம்பரத்துலேர்ந்து வண்டி எடுத்தாச்சு. ஸ்டாப்பிங் சொல்லுங்க." நான் சொல்ல ஆரம்பித்தேன். வாய்க்கால் பாலம், ரைஸ்மில், மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் அவர், "எறங்கியாச்சா, ரைட், போலாம்" என்றார். சத்தம் நின்றபோது நாங்கள் குமராட்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தோம். எடுக்கவேண்டியதை எடுத்தாகிவிட்டது, இனித் தகடு வைத்து முடுக்கவேண்டியதுதான் என்றார். ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றையும் அவரே முடுக்கினார். அந்த முடுக்கல் மட்டும் தோளில் லேசாக எனக்குத் தெரிந்தது.

நான் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த மாதங்களில் மாமாவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டக்டராகப் போனார். இது என் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல வேடிக்கைகளில் ஒன்று. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். கையில் ஒரு கோளாறும் இல்லாத அவர் கொண்டுவந்த வசூல், கை நீளமாக இருந்த நான் கொண்டுவந்ததைவிடக் குறைவு. "பாதிப் பேரு எறங்கினதே தெரியல மாப்ள. எப்பிடித்தான் சமாளிச்ச?" என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் பக்கத்தில் மாமன்கள் வாயிலிருந்து வராது. அந்தக் கேள்வியை நான் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எலும்பு சேரத் தாமதித்தது. மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயில் அறுத்த இடத்துக் கோடு அப்படியே இருந்தது. கை போனால் வேலை போகும்; வேலை போனால், பார்த்தாயா, டாக்டர் சொன்னதும் பொய்தான் என்று மறுபடி பேச்சுக் கிளம்பும் என்று எனக்குப் பயம். டாக்டரம்மாவுக்கும் கவலைதான், அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னது இவ்வளவுதான்: "எங்கப்பா கரும்புக் கரணைய நட்டுட்டு வந்து தெனம் தோண்டிப் பாத்திருந்தா நாங்க கரும்பே தின்னிருக்க மாட்டோம். போயிட்டு அடுத்த மாசம் வாங்க." அடுத்த மாதம் போனேன். கோடு மங்கியிருந்தது. அதற்கடுத்த மாதம் அவர் எக்ஸ்ரேயை மாட்டிவிட்டு, வெட்டின இடம் எது என்று என்னையே காட்டச் சொன்னார். என்னால் காட்ட முடியவில்லை. அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், சொந்த மகன் பரீட்சையில் தேறியது போல இருந்தது.

வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வண்டியில் ஏறினார். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கம் போய், கடைசி வரிசையில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். முன்னால் இருந்த நான் பார்த்துவிட்டேன். "டாக்டரம்மா, முன்னாடி வாங்க, சீட்டு தரேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நான் டிக்கெட் வாங்கணும். நீங்க இங்க வாங்க" என்றார். வண்டி நிரம்பி வழிந்தது. வலது கையால் கம்பியைப் பற்றினேன். ஓர் ஆளைத் தாண்டினேன், இன்னோர் ஆளைத் தாண்டினேன், மூட்டையைத் தாண்டினேன், ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக் கடைசி வரைக்கும் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் காசை நீட்டினார். வேண்டாம் என்றேன். கொடுக்காமல் இறங்கினால் உங்கள் மாமா மறுபடி கடைசி சீட்டுக்கு வந்துவிடுவார் என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அடுத்த ஊரில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் சிதம்பரத்துக்கே திரும்பிவிட்டார். அவர் வண்டியில் ஏறிய வேலை அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அழுதுவிட்டேன்.

அவரிடம் குறையே இல்லையா என்றால், இருந்தது. காரை அவர் ஓட்டினால் அவருக்கே நோயாளிகள் கிடைப்பார்கள் என்று ஜெயபால் சொல்வார். புகழ்ந்து பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். நான் அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதுவதை ஜெயபால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். ஒரு முறை பார்த்தபோது, "எலும்பையே கொறைச்சுக் காட்டினேன். இத கொறைக்கக் கூடாதா?" என்றார். இந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் கல்யாண வீட்டு மழையை வெட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கைக்குள் இருக்கிற தகட்டை எடுத்துவிடலாமா என்று இடையில் அவரே கேட்டார். தொந்தரவு இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னார். இந்த மார்கழிப் பனியில் அந்த இடத்தில் லேசாகக் குடைந்தது. போன் செய்தேன். பொங்கல் கழியட்டும், வாருங்கள், எடுத்துவிடுகிறேன் என்றார். பொங்கல் கழிந்தது. அவர் இல்லை.

படத்திறப்புக்குக் கடலூர் போயிருந்தேன். மாமாவும் வந்தார், இந்த முறை எதையும் சோதிக்க வரவில்லை. படத்துக்கு முன்னால் நெடுநேரம் கைகூப்பி நின்றார். டாக்டரம்மாவிடம் வேலை கற்ற இளம் டாக்டர் ஒருவர்தான் இனி ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல பிள்ளை. என் கையைத் தடவிப் பார்த்து, "சின்ன வேலைதாங்க. அடுத்த வாரம் வந்துடுங்க, தகட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துடறேன்" என்றார். பக்கத்தில் ஜெயபால் நின்றிருந்தார்.

நான் யோசித்தேன். இந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறேன், துண்டு பிழிகிறேன், பேரப்பிள்ளையைத் தூக்குகிறேன். பனிக்காலத்தில் கொஞ்சம் குடைந்தால்தான் என்ன, மார்கழி ஒரு மாதம்தானே. அந்தத் திருகாணிகள் ஒவ்வொன்றையும் முடுக்கியது அவர் கை. வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்றேன். என்னை எரித்த மறுநாள் பால் தெளிக்க வருகிறவர்கள் சாம்பலில் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் கிடப்பதைப் பார்ப்பார்கள். இது அப்பாவுடையது இல்லை, டாக்டரம்மாவுடையது என்று சொல்லும்படி என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இத்தனை வருடக் கண்டக்டர் வேலையில் அடுத்தவர் பொருள் எதையும் நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதில்லை. இது ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயபாலிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டீங்களா? அப்ப நெஜமாவே கைநீளத்தார்தான்" என்றார்.

ஆமாம் என்றேன்.